ஜெகதீஷ் சுவாமிநாதன்

இக்கட்டுரை ஓவியர் ஜெ. சுவாமிநாதன் பற்றியது. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் வேறொருவர்.

ஜெகதீஷ் சுவாமிநாதன் (ஜூன் 21, 1928 – ஏப்ரல் 25, 1994) இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான இந்திய ஓவியர்களுள் ஒருவர் ஆவார். கலை விமர்சகர், இதழாசிரியர், இந்திக் கவிஞர், அருங்காட்சியக இயக்குநர் எனப் பல நிலைகளில் இயங்கியவர். சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தில்லியிலும் போபாலிலும் கழித்தார். 1962 இல் உருவான குரூப் 1890 என்னும் ஓவியர் குழுவின் முதன்மைச் சிந்தனையாளராக அறியப்படுகிறார். போபாலில் உள்ள பாரத் பவனின் ரூபங்கர் அருங்காட்சியகத்தை உருவாக்கியதும், பழங்குடி ஓவியர்களின் படைப்புகளை நகர்சார் நவீன ஓவியங்களுக்கு நிகராக ஒரே கூரையின் கீழ் வைத்ததும் இவரது பெரும்பணிகளாகக் கருதப்படுகின்றன.

ஓவியரே விமர்சகராகவும் இருப்பதால் எழும் சிக்கல்கள் கலை வரலாற்றில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருபவை. சுவாமிநாதனின் வாழ்க்கை அச்சிக்கல்களை விளங்கிக்கொள்ள உதவும் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

இளமையும் அரசியலும்

சுவாமிநாதன் பள்ளிக் கல்வியைத் தில்லியில் பெற்றார். மருத்துவப் படிப்புக்கு முன்னோடியான வகுப்பில் சேர்ந்தார். ஆனால் அப்படிப்பில் அவருக்கு மனம் ஒன்றவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குச் சென்று, அங்கு கிடைத்த சிறு வேலைகளைச் செய்து சில காலம் வாழ்ந்தார். பின்னர் தில்லிக்குத் திரும்பினார்.

விடுதலைப் போராட்டத்தின் இறுதிக் கட்டம் அது. இளைஞரான சுவாமிநாதன் காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியின் தொடர்பில் வந்தார். மஸ்தூர் ஆவாஸ் என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். தொழிலாளர் குரல் என்பது இப்பெயரின் பொருள் ஆகும். 1948 இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரானார். கட்சிப் பணியும் இதழியலுமே அவரது இருபதுகளை நிரப்பின. பின்னாளில் அவர் கலை பற்றி எழுதியபோது வெளிப்பட்ட விவாத நடையும், எதிர்நிலையை நேரடியாகத் தாக்கும் பழக்கமும் இக்கால அரசியல் எழுத்தில் பழகியவை எனலாம்.

1950களில் அவர் கட்சி அரசியலிலிருந்து படிப்படியாக விலகி ஓவியத்தை நோக்கி நகர்ந்தார். அந்த ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்தின் பேத்தூல் பகுதியில் பழங்குடியினர் வாழும் காடுகளில் சில காலம் தங்கியிருந்தார். இந்த அனுபவத்தின் விளைவு உடனே தெரியவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் போபாலில்தான் அது முழுமையாக வெளிப்பட்டது.

ஓவியப் பயிற்சி

சுவாமிநாதன் முறையான ஓவியக் கல்வியை முழுமையாகப் பெற்றவர் அல்லர். தில்லி பாலிடெக்னிக்கின் கலைத்துறையில் மாலை வகுப்புகளில் சேர்ந்தார். அங்கு சைலோஸ் முகர்ஜி, பி. சி. சன்யால் ஆகிய ஓவியர்களிடம் பயின்றார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்ற நிலை நீடிக்கவில்லை. வகுப்புகளைத் தொடர முடியாமல் நின்றார். 1950களின் இறுதியில் போலந்து நாட்டின் வார்சா நுண்கலைக் கழகத்தில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கும் படிப்பை நிறைவு செய்யாமல் நாடு திரும்பினார்.

இந்த இரண்டு முற்றுப்பெறாத படிப்புகளும் அவரது பிற்காலப் பார்வையோடு தொடர்புடையவை. கலைக்கல்லூரியின் பாடத்திட்டமே ஒருவரை ஓவியராக்குகிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. பட்டம் பெறாத ஒருவர் ஓவியராக முடியும் என்றால், பள்ளிக்கே போகாத கிராமத்து ஓவியரும் அதே பொருளில் ஓவியர்தான் என்ற முடிவுக்கு வருவது எளிது. அவர் அம்முடிவுக்கு வந்தார்.

கலை விமர்சகராக

1958 இல் அருணா ஆசப் அலியும் எடத்தட்ட நாராயணனும் இணைந்து தில்லியில் லிங்க் என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். சுவாமிநாதன் இவ்விதழில் கலை விமர்சனங்கள் எழுதினார். தில்லியின் கலைச்சூழல் அப்போது சிறியது. கண்காட்சிக் கூடங்கள் மிகக் குறைவு. லலித் கலா அகாதமி 1954 இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. ஒரு கண்காட்சியைப் பற்றி எழுதும் விமர்சகரும், எழுதப்படும் ஓவியரும் அன்று மாலையே ஒரே தேநீர்க் கடையில் சந்திக்கக்கூடிய அளவுக்கு அந்த வட்டம் நெருக்கமானது.

இச்சூழலில் ஓவியரும் விமர்சகருமாக இருப்பதில் மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, நடுநிலை பற்றியது. சக ஓவியரின் கண்காட்சியைக் குறைகூறினால் பொறாமை என்பர். பாராட்டினால் நட்பு என்பர். எழுதுபவர் ஓவியர் அல்லாதவராக இருந்தால் இந்த ஐயம் குறைவு.

இரண்டாவது, வருவாய் பற்றியது. ஓவியங்கள் விற்பனையாகாத காலத்தில் இதழில் எழுதுவது குடும்பம் நடத்த உதவியது. ஆனால் வாரந்தோறும் எழுதும் கட்டாயம், ஓவியம் வரைவதற்கான நேரத்தையும் மன அமைதியையும் எடுத்துக்கொண்டது.

மூன்றாவது, மிகவும் நுட்பமானது. பிறர் படைப்பை நாள்தோறும் பகுத்தாராயும் மனம், தன் தூரிகையின் ஒவ்வோர் அசைவையும் வரைவதற்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். கோட்பாடு முன்னே செல்ல, ஓவியம் அதற்கு விளக்கப்படமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு.

சுவாமிநாதன் 1960களில் வழக்கமான இதழியல் பணியை விட்டு முழுநேர ஓவியரானார். எனினும் விமர்சனத்தை அவர் கைவிட்டதாகக் கொள்ள முடியாது. வாரப் பத்தியாக இருந்த அவரது விமர்சனம் அதன்பின் குழு அறிக்கையாகவும், தனி இதழாகவும், ஆய்வாகவும், இறுதியில் ஓர் அருங்காட்சியகமாகவும் வடிவம் மாறியது.

குரூப் 1890

1962 ஆகஸ்டில் குஜராத்தின் பாவ்நகரில், ஜெயந்த் பாண்டியா என்பவரின் இல்லத்தில் சில ஓவியர்களும் சிற்பிகளும் கூடினர். அவ்வீட்டின் எண் 1890. அந்த எண்ணையே தம் குழுவின் பெயராக வைத்துக்கொண்டனர். வேறெந்தக் கோட்பாட்டுப் பெயரையும் சூட்டிக்கொள்ளாமல் ஒரு வீட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது.

குழுவின் பன்னிரண்டு உறுப்பினர்கள் பின்வருமாறு:

- ஜெ. சுவாமிநாதன்
- ஜெராம் பட்டேல்
- அம்பாதாஸ்
- ஹிம்மத் ஷா
- குலாம் முகமது ஷேக்
- ஜோதி பட்
- ராகவ் கனேரியா
- எம். ரெட்டப்ப நாயுடு
- ராஜேஷ் மெஹ்ரா
- எரிக் போவன்
- எஸ். ஜி. நிகம்
- பாலகிருஷ்ண பட்டேல்

இவர்களுள் ரெட்டப்ப நாயுடு சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர் ஆவார்.

குழுவின் அறிக்கையைச் சுவாமிநாதன் எழுதினார். அன்றைய இந்தியக் கலையின் மூன்று போக்குகளை அவ்வறிக்கை மறுத்தது. இரவிவர்மா வழிவந்த இயற்கைப்போலி ஓவியம் முதலாவது. வங்காள ஓவிய மரபின் கற்பனையான பழமை ஏக்கம் இரண்டாவது. ஐரோப்பிய நவீனத்துவத்தை இறக்குமதி செய்து கலந்துகொள்ளும் முறை மூன்றாவது. இம்மூன்றாவது மறுப்பே அதிக விவாதத்தை எழுப்பியது. ஏனெனில், 1947 இல் பம்பாயில் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவின் சாதனைகளை இது மறைமுகமாகக் கேள்விக்குள்ளாக்கியது. எம். எஃப். உசேன், எஃப். என். சூசா, எஸ். எச். ராசா போன்றோர் அக்குழுவைச் சேர்ந்தவர்கள்.

குழுவின் கண்காட்சி 1963 அக்டோபரில் தில்லி இரவீந்திர பவனில் நடைபெற்றது. பிரதமர் ஜவகர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். அப்போது இந்தியாவில் மெக்சிகோ நாட்டின் தூதராக இருந்த கவிஞர் ஒக்டாவியோ பாஸ் கண்காட்சிக் கையேட்டுக்கு முன்னுரை எழுதினார். பாஸ் பின்னர் 1990 இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். பாஸுக்கும் சுவாமிநாதனுக்கும் இடையே ஏற்பட்ட நட்பு நீடித்தது. சுவாமிநாதனின் ஓவியம் பற்றிப் பாஸ் ஒரு கவிதையும் எழுதியுள்ளார்.

அதுவே குழுவின் முதலும் கடைசியுமான கண்காட்சியாக அமைந்தது. உறுப்பினர்கள் தத்தம் வழியில் பிரிந்தனர். எதை மறுப்பது என்பதில் பன்னிருவரும் ஒன்றுபட்டிருந்தனர். ஆயினும் எதை வரைவது என்பது ஒவ்வொருவரும் தனித்து முடிவு செய்யவேண்டிய ஒன்றாக இருந்தது. அறிக்கை எழுதிய சுவாமிநாதனுக்கும் இது பொருந்தும்.

கான்ட்ரா இதழ்

1966 இல் சுவாமிநாதன் கான்ட்ரா 66 என்னும் ஆங்கிலச் சிற்றிதழைத் தொடங்கினார். எதிர் என்பது கான்ட்ரா என்ற சொல்லின் பொருள். இவ்விதழ் சில இதழ்களோடு நின்றுவிட்டது. ஓவியர்களே தம் கலை பற்றி எழுதிக்கொள்ளும் களம் தேவை என்ற எண்ணம் இதற்கு அடிப்படையாக இருந்தது. இதே காலத்தில் சென்னையில் கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் ஆர்ட்ரெண்ட்ஸ் என்னும் கலையிதழ் வெளிவந்ததும், 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் ஒப்புநோக்கத்தக்கவை. தெற்கிலும் வடக்கிலும் ஓவியர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர்.

ஓவியங்கள்

சுவாமிநாதனின் ஓவிய வாழ்வை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம்.

1960களின் முற்பகுதியில் அவர் குறியீடுகளைப் பயன்படுத்தி வரைந்தார். பழங்குடிச் சுவரோவியங்களிலும் நாட்டார் சடங்குகளிலும் காணப்படும் பாம்பு, கை அச்சு, சூலம் போன்ற உருவங்களை நினைவூட்டும் வடிவங்கள் இக்காலப் படங்களில் இடம்பெற்றன.

அடுத்து, 1960களின் நடுப்பகுதியில், வெளியின் வண்ண வடிவியல் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு வரிசையை வரைந்தார். தட்டையான, அடர்ந்த நிறப்பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை இவை. பசோலி முதலான பகாரி சிற்றோவியங்களின் நிறப் பயன்பாடு இவற்றில் தாக்கம் செலுத்தியுள்ளது. ஒளி நிழல் காட்டி ஆழத்தை உண்டாக்கும் ஐரோப்பிய முறையை விட்டு, நிறத்தையே வெளியாக அமைக்கும் முறையை அவர் இங்கு மேற்கொண்டார்.

இதிலிருந்து கிளைத்ததே அவரை மிகவும் புகழ்பெறச் செய்த பறவை, மரம், மலை வரிசை ஆகும். ஒரே நிறத்தில் விரியும் பெரும் பரப்பு. அதில் மிதக்கும் ஒரு மலை அல்லது பாறை. அருகே ஒரு சிறு மரம். பறக்கவோ அமரவோ செய்யாமல் நிற்கும் ஒரு பறவை. இவற்றுக்குப் பின்னே கதை எதுவும் இல்லை. மலையின் எடையும் பறவையின் எடையும் ஒன்றாகவே தோன்றும். இமயமலை அடிவாரத்தில் கழிந்த அவரது இளமையும், பின்னாளில் இமாச்சலப் பிரதேசத்தின் கோட்காய் பகுதியோடு அவருக்கு இருந்த தொடர்பும் இப்படங்களில் ஊடாடுகின்றன. அப்பகுதி மக்களின் பேச்சையும் நிலத்தையும் ஒட்டி அவர் இந்தியில் கவிதைகளும் எழுதினார்.

இந்த வரிசையை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்தார். புகழும் விற்பனையும் கூடிய நிலையில் ஒரே படிமத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறார் என்ற விமர்சனமும் எழுந்தது.

1980களின் பிற்பகுதியில் அவர் இந்த வரிசையைக் கைவிட்டு மூன்றாம் கட்டத்திற்குச் சென்றார். மண் சார்ந்த நிறங்கள், சொரசொரப்பான பரப்பு, முக்கோணங்கள், கோடுகள், எழுத்துப் போன்ற குறிகள் ஆகியவை மீண்டும் வந்தன. முதற்கட்டக் குறியீடுகளுக்குத் திரும்பியது போலத் தோன்றினாலும், இடையில் போபாலில் பழங்குடி ஓவியர்களோடு பணியாற்றிய அனுபவம் இப்படங்களில் தெரிகிறது. நல்ல விலைக்குப் போகும் ஒரு பாணியை அறுபது வயதை நெருங்கும்போது விட்டுவிடுவது எளிதன்று. அவருள் இருந்த விமர்சகர் தம் ஓவியத்தின் மீதே அளித்த தீர்ப்பாக இதனைக் கொள்ளலாம்.

நியூமென் பற்றிய ஆய்வு

1968 இல் சுவாமிநாதனுக்கு ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை வழங்கப்பட்டது. மரபான நியூமென் என்னும் கருத்து இன்றைய கலையில் பெறும் முக்கியத்துவம் அவரது ஆய்வுப் பொருளாக இருந்தது.

நியூமென் என்பது இலத்தீன் சொல். ஒரு பொருளில் உறைந்திருப்பதாக உணரப்படும் தெய்விக ஆற்றலை இது குறிக்கும். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி வைக்கப்பட்ட கல்லை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அக்கல்லுக்கு முகம் இல்லை. கை கால் இல்லை. அது எந்த உருவத்தையும் போலச் செய்யவில்லை. வழிபடுபவருக்கு அது அம்மனின் படம் அன்று, அம்மனே ஆகும். ஓர் ஓவியமும் இவ்வாறு வேறொன்றைக் காட்டும் சாளரமாக இல்லாமல் தானே ஓர் இருப்பாக நிற்கமுடியும் என்பது சுவாமிநாதனின் கருத்தின் சாரம்.

இக்கருத்து அவரது ஓவியத்திற்கும் விமர்சனத்திற்கும் பொதுவான அடித்தளமாயிற்று. பறவையும் மலையும் எதையும் குறிக்காமல் நிற்பது ஏன் என்பதற்கும், பழங்குடி ஓவியத்தை அவர் ஏன் கைவினை என்று ஒதுக்கவில்லை என்பதற்கும் ஒரே விடை இதில் உள்ளது. 1969 இல் பிரேசிலின் சாவோ பாவுலோ பன்னாட்டுக் கலைவிழாவின் நடுவர் குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

பாரத் பவனும் ரூபங்கரும்

மத்தியப் பிரதேச அரசு போபாலில் பாரத் பவன் என்னும் பல்கலை மையத்தை உருவாக்கியது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா இதனை வடிவமைத்தார். கவிஞரும் அரசு அலுவலருமான அசோக் வாஜ்பேயி இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். 1982 பிப்ரவரி 13 அன்று பிரதமர் இந்திரா காந்தி இதனைத் திறந்து வைத்தார். இதன் நுண்கலைப் பிரிவான ரூபங்கரின் இயக்குநராகச் சுவாமிநாதன் பொறுப்பேற்றார். 1990 வரை இப்பொறுப்பில் இருந்தார்.

திறப்பு விழாவுக்கு முன்பே அவர் இளம் ஓவியர்களையும் ஓவிய மாணவர்களையும் குழுக்களாகப் பிரித்து மாநிலத்தின் சிற்றூர்களுக்கு அனுப்பினார். சுவர்களிலும் தரையிலும் வரையப்படும் ஓவியங்கள், மண், மரம், உலோகத்தாலான உருவங்கள் ஆகியவற்றைத் தேடிப் பதிவு செய்வதும் சேகரிப்பதும் அவர்களது பணி. பொருளை மட்டும் எடுத்துவராமல் அதைச் செய்தவர் யார் என்பதையும் அறிந்துவருவது இதில் முக்கியமானது.

அதுவரை இந்திய அருங்காட்சியகங்களில் பழங்குடியினரின் படைப்புகள் பெரும்பாலும் மானிடவியல் பிரிவில் வைக்கப்பட்டன. அவற்றின் கீழே இனத்தின் பெயரும் பயன்பாடும் எழுதப்பட்டிருக்கும்; செய்தவரின் பெயர் இராது. ரூபங்கரில் இந்நிலை மாறியது. நகர்சார் நவீன ஓவியங்களும் நாட்டார், பழங்குடி ஓவியங்களும் ஒரே அருங்காட்சியகத்தில் சம மதிப்போடு வைக்கப்பட்டன. பழங்குடி ஓவியரும் பெயருள்ள தனிக் கலைஞராக அறிமுகமானார்.

இதன் பின்னால் இருந்த வாதம் எளியது. ஒரே காலத்தில் வாழும் இருவர் வரைந்தவற்றுள் ஒன்றைத் தற்காலக் கலை என்றும் மற்றொன்றைத் தொன்மைக் கலை என்றும் பிரிக்க அடிப்படை இல்லை. இருவரும் ஒரே காலத்தவர் என்பதால் இரண்டுமே தற்காலக் கலைதான். 1987 இல் வெளியான அவரது ஆங்கில நூல் இவ்வாதத்தை விரிவாக முன்வைக்கிறது. உணரும் விரல்கள் என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். ரூபங்கரின் நாட்டார், பழங்குடிக் கலைத் தொகுப்பைப் பற்றியது அந்நூல்.

ஜங்கர் சிங் சியாம்

சுவாமிநாதன் அனுப்பிய குழுக்களுள் ஒன்று பாட்டன்கர் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டுச் சுவரில் வரையப்பட்டிருந்த உருவங்களைக் கண்டது. வரைந்தவர் ஜங்கர் சிங் சியாம் என்னும் இளைஞர். அவர் பர்தான் கோண்டு சமூகத்தைச் சேர்ந்தவர். கோண்டு மக்களின் தெய்வங்கள், முன்னோர் பற்றிய கதைகளை இசைத்துப் பாடுவது பர்தான்களின் மரபுத் தொழில் ஆகும்.

சுவாமிநாதன் அவரைப் போபாலுக்கு அழைத்துவந்து பாரத் பவனில் பணியாற்றும் வாய்ப்பை ஏற்படுத்தினார். காகிதமும், துணித்திரையும், அச்சு ஓவியக் கருவிகளும் அங்கு அவருக்குக் கிடைத்தன. பாட்டில் மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு ஜங்கர் உருவம் கொடுத்தார். புள்ளிகளாலும் நுண்கோடுகளாலும் உருவங்களை நிரப்பும் அவரது முறை, பிற்காலத்தில் ஜங்கர் கலம் என்று பெயர் பெற்றது. 1986 இல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான் விருதைப் பெற்றார். 1989 இல் பாரிசில் நடந்த பூமியின் மாயக்காரர்கள் என்னும் பொருள்படும் புகழ்பெற்ற கண்காட்சியில் அவரது படைப்புகள் இடம்பெற்றன. இன்று கோண்டு ஓவியம் என்ற பெயரில் அறியப்படும் கலை பெரிதும் அவர் தொடங்கிய வழியில் வந்ததாகும்.

பில் சமூகத்தைச் சேர்ந்த பூரி பாய் மற்றோர் எடுத்துக்காட்டு. பாரத் பவன் கட்டுமானப் பணியில் கூலித் தொழிலாளியாக வேலை செய்துகொண்டிருந்த அவரை வரையுமாறு சுவாமிநாதன் ஊக்குவித்தார். பூரி பாய்க்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விமர்சனங்கள்

சுவாமிநாதனின் அணுகுமுறை பல கேள்விகளுக்கு உள்ளாகியுள்ளது.

- பழங்குடி வாழ்வை வரலாற்றுக்கு அப்பாற்பட்டதாக, தூய்மையானதாகக் காட்டுகிறார் என்பது ஒரு குற்றச்சாட்டு. நிலம் இழத்தல், வறுமை, இடப்பெயர்வு போன்றவை அவரது கலைப்பார்வையில் போதிய இடம் பெறவில்லை என்று இதனை முன்வைப்போர் கூறுகின்றனர்.
- சடங்கோடும் வீட்டுச் சுவரோடும் பிணைந்த ஓவியத்தைக் காகிதத்திற்கு மாற்றுவது, அதனைச் சந்தைப் பொருளாக்கிவிடும் என்பது மற்றொன்று.
- சமூகத்திற்குப் பொதுவான கலையைத் தனிமனிதப் பெயரோடு இணைப்பது நவீன நகரத்தின் பழக்கம் என்பது மூன்றாவது.

ஜங்கர் சிங் சியாம் 2001 இல் ஜப்பானில் தங்கிப் பணியாற்றிய காலத்தில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருந்தது. பழங்குடி ஓவியர்கள் கலைச்சந்தையில் எந்நிலையில் நடத்தப்படுகிறார்கள் என்ற கேள்வியை அம்மரணம் கடுமையாக எழுப்பியது. சுவாமிநாதன் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

இவற்றுக்கு மறுமொழியாகக் கூறப்படுவது, பெயர் இல்லாமல் இருந்ததால் பழங்குடி ஓவியர்கள் பாதுகாக்கப்படவில்லை என்பதாகும். பெயர் கிடைத்த பின்னரே அவர்களால் கூலி பற்றியும் உரிமை பற்றியும் பேசமுடிந்தது. இந்த விவாதம் இன்னும் முடிவுறவில்லை.

விமர்சகர் கீதா கபூர் 1978 இல் வெளியிட்ட தற்கால இந்திய ஓவியர்கள் பற்றிய நூலில் ஆறு ஓவியர்களைத் தனித்தனியே ஆராய்ந்துள்ளார். அவர்களுள் சுவாமிநாதனும் ஒருவர்.

பிற ஓவிய விமர்சகர்களுடன் ஒப்பீடு

இங்கிலாந்தின் ரோஜர் ஃபிரை (1866–1934) தம்மை முதன்மையாக ஓவியராகவே கருதினார். ஆனால் 1910 இல் இலண்டனில் அவர் நடத்திய பின்-உணர்வுப்பதிவுவாத ஓவியக் கண்காட்சியும் அவரது எழுத்துகளுமே நிலைத்தன. சென்னையில் பிறந்த ஜெயா அப்பாசாமி (1918–1984) சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றவர். லலித் கலா கண்டெம்பரரி இதழின் ஆசிரியராகவும், தஞ்சாவூர் ஓவியங்கள், கண்ணாடி ஓவியங்கள் பற்றிய நூல்களின் ஆசிரியராகவும் அவர் அதிகம் அறியப்படுகிறார்.

இவ்விருவரிடமும் எழுத்து ஓவியத்தை மறைத்துவிட்டது. சுவாமிநாதனிடம் அவ்வாறு நிகழவில்லை. வாரந்தோறும் பிறர் படங்களுக்குத் தீர்ப்பளிக்கும் பணியை அவர் உரிய நேரத்தில் விட்டுவிட்டது இதற்கு ஒரு காரணம். அதன்பின், எதை விலக்குவது என்று எழுதுவதைவிட, எதற்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்வதையே தம் விமர்சனமாக்கிக் கொண்டார்.

தமிழ்நாட்டுச் சூழலில்

சுவாமிநாதனின் பணிக்களம் மத்தியப் பிரதேசம் ஆயினும், அவர் எழுப்பிய கேள்வி தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் மரச்சிற்பத் தொழில் தலைமுறைகளாக நடைபெற்று வருகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதே மாவட்டத்தின் மேற்கில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையில், பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள் வாழ்கின்றனர்.

புவிசார் குறியீடு ஓர் ஊரின் பெயரைக் காக்கிறது. பிற ஊர்களில் செய்தவற்றை அப்பெயரில் விற்பதைத் தடுக்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு சிற்பத்தை எந்தக் கை செதுக்கியது என்பதை அது சொல்வதில்லை. அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவும் அவ்வாறே இனத்தின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஊரின் பெயருக்கும் இனத்தின் பெயருக்கும் அப்பால், செய்தவரின் பெயரையும் எழுதவேண்டும் என்பதே ரூபங்கரில் சுவாமிநாதன் நடைமுறைப்படுத்தியது. கல்வராயன் மலையின் ஒரு பாடகரோ, சின்னசேலத்தின் ஒரு தச்சரோ தம் பெயரால் அறியப்படும்போது அவ்வாதம் இங்கும் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

மறைவு

1990 இல் போபாலை விட்டு நீங்கிய சுவாமிநாதன் தில்லிக்குத் திரும்பி ஓவியப் பணியைத் தொடர்ந்தார். 1994 ஏப்ரல் 25 அன்று தில்லியில் காலமானார். அவரது மகன் எஸ். காளிதாஸ் கலை, இசை விமர்சகர் ஆவார். தந்தையின் 1950 முதல் 1969 வரையிலான ஆண்டுகளைப் பற்றி 2012 இல் ஒரு நூலை வெளியிட்டார்.

காலவரிசை

- 1928 – சிம்லாவில் பிறப்பு
- 1948 – இந்தியப் பொதுவுடைமைக் கட்சியில் இணைதல்
- 1962 – பாவ்நகரில் குரூப் 1890 உருவாக்கம்
- 1963 – தில்லியில் அக்குழுவின் ஒரே கண்காட்சி
- 1966 – கான்ட்ரா 66 இதழ் தொடக்கம்
- 1968 – ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை
- 1969 – சாவோ பாவுலோ பன்னாட்டுக் கலைவிழா நடுவர்
- 1982 – பாரத் பவன் திறப்பு; ரூபங்கர் இயக்குநர்
- 1987 – ரூபங்கர் தொகுப்பு பற்றிய நூல் வெளியீடு
- 1990 – ரூபங்கர் பொறுப்பிலிருந்து விலகல்
- 1994 – தில்லியில் மறைவு